வலது பக்கம் சாரோடது

ஜன்னலோரம் நீங்களே இருங்க ஐயா. நான் இப்படி ஓரமா கம்பியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறேன். இல்லையில்ல, எடம் பத்தாமல்லாம் இல்ல. கொஞ்சம் தள்ளியே இருக்கேன், அவ்வளவுதான். கொய்யாப்பழமா? வேணாங்க. நல்ல செங்காயா பாத்து வாங்கியிருக்கீங்க, எனக்கும் அந்தப் பதந்தான் புடிக்கும். ஆனா உங்க பைக்குள்ள நான் கையை விட வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க, திருச்சியா? நானும் திருச்சிதான். ஆஸ்பத்திரிக்கு. ஆமாங்க, வேர்க்குது. இவ்வளவு காத்து அடிச்சும் வேர்க்குது. காலையிலருந்து இப்படித்தான், முதுகெல்லாம் தெப்பமா நனைஞ்சு கெடக்கு. பயங்க ஐயா. சொல்றதுக்கு என்ன வெக்கம், பயம். உங்களை இதுக்கு முன்ன பாத்ததில்ல, பஸ்ஸை விட்டு இறங்கினா இனிமே பாக்கப் போறதும் இல்ல. அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். பெத்தவங்ககிட்ட சொல்லல, பொண்டாட்டிகிட்ட சொல்லல.

நான் பல் டாக்டருங்க. பேரு சுகவனம். நாமக்கல் பக்கம் ஒரு பல் மருத்துவக் காலேஜ்ல வாத்தியார். ஐயோ, வாயைத் திறக்காதீங்க! பல் டாக்டர்னு சொல்லிட்டாப் போதும், ஒடனே கடவாயைக் காட்டிடறாங்க எல்லாரும். மூடுங்க ஐயா, ஈ போயிரப் போகுது. திருச்சியில யார்கிட்டயாவது காட்டிக்குங்க. நான் இப்பல்லாம் யார் வாயையும் பாக்கறதில்ல. பாக்கவே புடிக்கல.

எங்க காலேஜ்ல இந்த வருஷம் புதுசா ஒரு பாடம் சேத்தாங்க. எச்சிலை வெச்சு நோயைக் கண்டுபுடிக்கறது. சிரிக்காதீங்க, நெசமாத்தான். ரத்தத்துல தெரியற பாதி விஷயம் எச்சில்லயும் தெரியும். நாளைக்கு இந்தப் பசங்க கிளினிக் வெச்சா, பல்லு பாக்க வர்றவன் வாயிலருந்தே அவன் உடம்பைப் படிச்சிரலாம். ஊசி வேணாம், குத்த வேணாம். ஆனா பசங்க முகத்தைப் பாக்கணுமே. எச்சில்னதும் சுளிக்கறாங்க. டாக்டருக்குப் படிக்கற பசங்க! நம்ம ஊர்ல எச்சில்னா அப்படித்தான. அண்ணாந்து குடி, எச்சில் பண்ணாதன்னு சொல்லித்தான வளத்தாங்க நம்மளை.

அதனால பாடத்தை இப்படி ஆரம்பிச்சேன். "பசங்களா, போலீஸ்காரன் தேடறதும் துப்பு. நாம தேடறதும் துப்பு. துப்புனாத்தான் துப்பு கெடைக்கும்." கிளாசே சிரிச்சுது. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. பாடம் நடத்தறதுல நான் ஆளுங்க, அதை மட்டும் யாரும் கொறை சொல்ல முடியாது.

அன்னைக்குக் காட்ட வேண்டியது அந்த நோய்க்கான டெஸ்டு. எந்த நோய்னா... அதான், அந்த நோய். புரிஞ்சிருக்கும் உங்களுக்கு. கிளாஸ்ல ஒரு பையன் இப்படித்தான் "அந்த நோய் சார்"னு இழுத்தான். புடிச்சேன் பாருங்க அவனை! "என்னடா அந்த நோய், இந்த நோய்? டாக்டரே பேரைச் சொல்லப் பயந்தா நோயாளி எங்க போவான்? எச்.ஐ.வி.ன்னு வாயைத் திறந்து சொல்லு." கிளாஸ் மொத்தமும் சேந்து சொல்ற வரைக்கும் விடலையே நான். இது எச்சில்ல பரவாது, ஒரே டம்ளர்ல குடிச்சாப் பரவாது, கட்டிப் புடிச்சாப் பரவாது. அந்தக் கிருமியை எதுத்து உடம்பு ஒரு பொருள் செஞ்சு வெச்சிருக்கும், அதோட அடையாளத்தைத்தான் நாம வாயில தேடறோம். எல்லாம் சொன்னேன். அழகா சொன்னேன்.

டெஸ்டு ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. சின்ன குச்சி, நுனியில பஞ்சு மாதிரி இருக்கும். மேல் ஈறுல ஒரு இழுப்பு, கீழ் ஈறுல ஒரு இழுப்பு. அப்புறம் மருந்துத் தண்ணி இருக்கற குப்பியில நட்டு வெச்சிரணும். கொஞ்ச நேரத்துல குச்சியோட நடுவுல கோடு வரும். கர்ப்பம் பாக்கறதுக்கு வீட்ல வெச்சிருப்பாங்களே, அதே கணக்குதான். ஒத்தைக் கோடுன்னா பயமில்ல. ரெண்டு கோடு வந்தா, இருக்கு.

"யாரு முன்ன வர்றீங்க?"ன்னேன். ஒருத்தன் அசையல. எல்லாம் கீழ குனிஞ்சுக்கிட்டு செருப்பைப் பாக்குதுங்க. "சரி, நானே பண்ணிக்கறேன், வாத்தியார் வாய் என்ன வாடகை வாயா?"ன்னேன். அப்பதான் ஒரு பொண்ணு, கார்குழலின்னு பேரு, எந்திரிச்சு "நானும் வர்றேன் சார்"னு வந்துச்சு. நல்லாப் படிக்கற புள்ளைங்க. வாத்தியார் தனியா நிக்கறாரேன்னு பாவப்பட்டு வந்திருக்கும்.

தட்டுல ரெண்டு குப்பி வெச்சேன். "வலது பக்கம் சாரோடது, இடது பக்கம் குழலியோடது"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டேன். நான் என் ஈறுல இழுத்துக் காட்டினேன். கையுறைல்லாம் போட்டிருக்கேன், ஆனாலும் பாருங்க, வாயிலருந்து எடுத்த குச்சியை வலது கையில வெச்சிருக்க ஒரு மாதிரி இருக்கும். எச்சிலாச்சே. இடது கைக்கு மாத்திக்கிட்டேன். எங்க வீட்டுப் பழக்கம் அது, படிச்சாலும் போகுதா? அந்தப் பொண்ணும் இழுத்துச்சு, பவ்யமா என்கிட்ட நீட்டுச்சு, வாங்கினேன், ரெண்டையும் ரெண்டு குப்பியிலயும் நட்டேன். நட்டுட்டு நான் பாட்டுக்குப் பாடத்தை நடத்திக்கிட்டு இருந்தேன்.

திரும்பிப் பாக்கறேன். இடது பக்கம் ஒரு கோடு. வலது பக்கம் ரெண்டு.

எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. காதுக்குள்ள ங்கொய்ங்குது. அத்தனை பசங்களும் எட்டி எட்டிப் பாக்கறாங்க. என் வாயில எங்கிருந்து வந்துச்சோ அந்தப் பேச்சு, "பாத்தீங்களா, ரெண்டு கோடு எப்படி இருக்கும்னு நீங்க பாக்கறதுக்காக வலது பக்கத்துல நான் முன்னாடியே மருந்து கலந்து வெச்சிருந்தேன். இது பாடத்துக்கு. இடது பக்கம் பாருங்க, குழலிக்கு ஒண்ணும் இல்ல, எல்லாரும் கை தட்டுங்க"ன்னேன். தட்டினாங்க. நானும் தட்டினேன். தட்டிட்டு நேரா பாத்ரூமுக்குப் போயி குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்து அழுதேன்.

நான் தப்புத்தண்டாவுக்குப் போறவன் இல்லைங்க. சாமி சத்தியமா. ஆனா பல் டாக்டருக்கு ஊசி குத்தாத நாள் உண்டா? எத்தனை வாய், எத்தனை ரத்தம். எந்த ஊசின்னு யோசிக்கறது? சவரக்கடையில காதோரம் கிழிச்சானே, அதுவா? யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு. செத்துருவோமேங்கற பயத்தைவிட, ஊரு என்ன சொல்லும்ங்கற பயம் பெரிசுங்க. "சுகவனம் வாத்தியாருக்கா? அட, பாத்தா அப்படித் தெரியலையே"ம்பான். அந்த "பாத்தா அப்படித் தெரியலையே" இருக்கு பாருங்க, அது இப்பவே என் காதுல கேக்குது.

வீட்டுல எனக்குன்னு ஒரு டம்ளரைத் தனியா எடுத்து வெச்சேன். தட்டு தனி. பாய் தனி. எச்சில்ல பரவாதுன்னு தெரியும்ங்க, நான்தான சொல்லிக் குடுக்கறேன்! தெரியறது வேற, என் பாப்பா என் தட்டுலருந்து அப்பளத்தை எடுத்துக் கடிக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கறது வேற. வெடுக்குனு புடுங்கிட்டேன் ஒருநாள். கொழந்தை மொகம் சுண்டிப் போச்சு. என் பொண்டாட்டி மங்கை, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "என்னங்க, மாலை போடாமயே சபரிமலை விரதமா?"ன்னா. நல்லதாப் போச்சுன்னு "ஆமா, மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்"னுட்டேன். அவ்வளவுதான், அவளும் பக்தியா எடுத்துக்கிட்டா. வெங்காயம் இல்லாத சாம்பார், பூண்டு இல்லாத ரசம். உடம்பு எளைச்சுருச்சு. எளைச்ச ஒடனே, ஐயையோ, நோய் முத்திருச்சுன்னு அதுக்கும் பயம்.

இதுக்கு நடுவுல அந்தக் குழலிப் பொண்ணு வேற. டிபார்ட்மெண்டுக்கு வந்து வந்து நிக்கும். "சார், சாப்டீங்களா? உடம்பைப் பாத்துக்குங்க சார்." இன்டர்னல் மார்க்கு போடற சமயம் பாருங்க, அதான் இந்த அக்கறைன்னு நெனைச்சுக்கிட்டேன். போன வாரம் வந்து, "சார், கன்னத்துக்கு உள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்கு. வழிச்சா வருது, அடியில செவந்து கெடக்கு. என்னன்னு கொஞ்சம் பாக்கறீங்களா? எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நீங்களே டெஸ்டுல பாத்துச் சொல்லிட்டீங்க, அதனால பயமெல்லாம் இல்ல சார்"னு சொல்லுது. எனக்குச் சுருக்குனு கோவம். இங்க நான் செத்துக்கிட்டு இருக்கேன், இதுக்கு வாய்ப்புண்ணு ஒரு பெரிய கவலை! பாக்கவே இல்ல நான். "முழிச்சு முழிச்சுப் படிக்கறதுல சூடு புடிச்சிருக்கும்மா, எளநி குடி, போ"ன்னு அனுப்பிட்டேன். சிரிச்சுக்கிட்டே போச்சு.

யார்கிட்டதான் சொல்றது? கடைசியில ஜெரால்டுகிட்ட சொன்னேன். என்கூடப் படிச்சவன், திருச்சி ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனையெல்லாம் அவன் பொறுப்பு. "லூசாடா நீ, கிளாஸ்ல வெச்சா இதைப் பண்ணுவாங்க?"ன்னு திட்டினான். திட்டிட்டு ரத்தம் எடுத்துக்கிட்டான். எச்சில் டெஸ்டு முடிவு இல்லடா, ரத்தம்தான் சொல்லணும்னான். சரி, போன்ல சொல்லுவான்னு இருந்தேன். இன்னைக்குக் காலையில கூப்பிடறான். "நேர்ல வா, பேசணும்"ங்கறான். நேர்ல வா! நல்ல சேதின்னா நேர்ல எதுக்குங்க? நீங்களே சொல்லுங்க. ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னு போன்லயே சொல்லிட்டுப் போறான். அப்ப என்ன அர்த்தம்? அதான் இந்த வேர்வை. தொட்டியம் தாண்டிருச்சா? முசிறி வரப் போகுது. எனக்கு இந்த பஸ்ஸு போய்ச் சேராமயே போய்க்கிட்டே இருந்தாத் தேவலாம்.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். ஐயா, கொஞ்சம் என் கையைப் புடிச்சுக்குங்களேன். இல்ல வேணாம். வேணாம், வேணாம். புடிச்சுக்குங்க.

டேய், சொல்றா. பஸ்லதான். சொல்லு, இப்பவே சொல்லு, நெஞ்சு வெடிச்சுரும்டா. என்னது? திருப்பிச் சொல்லு. ஒண்ணும் இல்லையா? நெசமா? உங்கம்மா மேல சத்தியமா? ரெண்டு தடவை பாத்தியா? டேய், டேய் ஜெரால்டு, நல்லா இருப்படா நீ, உன் புள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கும்டா! என்ன? எந்தத் தட்டு? யாரோட குச்சியா? அட அதை விடு, அதை அப்புறம் பேசிக்கலாம். வர்றேன் வர்றேன். வெச்சுடு.

ஐயா! ஒண்ணும் இல்லையாம் ஐயா! எனக்கு ஒண்ணும் இல்லையாம்! அழலைங்க, இது சந்தோஷம். மாரியாத்தா, என் கொலதெய்வமே. குடுங்க அந்தக் கொய்யாப்பழத்தை. ரெண்டா குடுங்க. பாப்பாவுக்கு ஒண்ணு வெச்சுக்கறேன், என் தட்டுலருந்தே கடிச்சுத் திங்கட்டும் அது இனிமே. ம், என்ன ருசி. இன்னைக்கு மங்கைகிட்ட வெங்காயத்தை வதக்கிப் போடச் சொல்றேன், விரதமாவது மண்ணாவது.

அவன் என்னமோ கேக்கறான், "அப்ப அந்த ரெண்டு கோடு யாரோடது, அதைப் பேசத்தான் நேர்ல வரச் சொன்னேன்"ங்கறான். அவனுக்கு எல்லாத்துலயும் ஒரு ஆராய்ச்சி. குச்சி பழசா இருக்கும், மருந்து கெட்டுப் போயிருக்கும். எனக்கு இல்லைன்னு ஆயிருச்சுல்ல, அப்புறம் என்ன? ஐயையோ, விக்குது. அவசரமா முழுங்கிட்டேன். தண்ணியா? குடுங்க, குடுங்க. இன்னைக்கு அண்ணாந்தெல்லாம் குடிக்க மாட்டேன், வாய் வெச்சே...

இருங்க.

நீங்க இப்ப பாட்டிலை வலது கையாலதான குடுத்தீங்க?

இல்லைங்க, தண்ணி இருக்கட்டும். இதைச் சொல்லுங்க. நீங்க வலது கையால குடுத்தீங்க. நான் வலது கையால வாங்கினேன். இடது கையால வாங்கினா மரியாதை இல்லைல்ல. அப்ப என் கொய்யாப்பழம் எங்க இருக்கு? இந்தா, இடது கையில. கடிச்ச பழம். எச்சில் பழம். நான் யோசிக்கவே இல்ல, அதுவா இடது கைக்குப் போயிருச்சு.

அன்னைக்கும் அந்தப் பொண்ணு வலது கையாலதான் நீட்டுச்சு. நான் வலது கையாலதான் வாங்கினேன். என்னோடது அப்பவே இடது கையில இருந்துச்சு. மாத்திக்கிட்டேன்னு நான்தான உங்ககிட்ட சொன்னேன்? சொன்னேனா இல்லையா? இடது கையில இருந்தது இடது குப்பிக்கு. வலது கையில இருந்தது வலது குப்பிக்கு.

ஐயா, வலது பக்கம் என்னோடது இல்லைங்க.

அந்தப் புள்ளையோடது.

கை தட்டச் சொன்னேனே! "குழலிக்கு ஒண்ணும் இல்ல"ன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லி, நானும் சேந்து தட்டினேனே. அது வாயில வெள்ளையாப் படிஞ்சிருக்குன்னு வந்து நின்னுச்சே ஐயா. வழிச்சா வருது, அடியில செவப்பு. அது வேற ஆயிரம் காரணத்துக்கும் வரும், இதுக்கும் வரும். அந்த நோய் உள்ள இருந்தா பல பேருக்கு மொதல்ல வாய்லதான் காட்டும், படம் போட்டு வருஷா வருஷம் நான்தான் நடத்தறேன். சாதாரண நாளா இருந்தா தூரத்துலருந்து பாத்தே கேட்டிருப்பேன். எளநி குடின்னு சொன்னேன். துப்பு துப்புன்னு பாடம் நடத்தினவன், வீடு தேடி வந்த துப்பை எளநி குடின்னு தொரத்தி விட்டிருக்கேன். துப்பு கெட்டவன்ங்க நான், வேற என்ன சொல்றது.

இல்ல, உறுதியா சொல்ல முடியாது. எச்சில் டெஸ்டு தப்பாவும் காட்டும். ஜெரால்டே சொன்னான். ரத்தம் பாத்தாத்தான் தெரியும். பாக்கணும், ஒடனே பாக்கணும். மருந்து இருக்குங்க, நல்ல மருந்து, சீக்கிரம் ஆரம்பிச்சா ஒண்ணும் ஆகாது. ஆனா அது பாட்டுக்கு ஒண்ணும் இல்லைன்னு நம்பிக்கிட்டு இருக்குமே. நான் சொன்னதை நம்பிக்கிட்டு இருக்குமே! பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போறேன்னுச்சு. போயிருச்சோ என்னமோ. நம்பர் இருக்கு. இந்த எழுத்தெல்லாம் ஆடுது. நீங்க கொஞ்சம் அமுக்குங்க. கானாவுல பாருங்க, கார்குழலி. அதான்.

அடிக்குது.

ஹலோ, குழலியாம்மா? நான்தாம்மா, சார். ஆமா, பஸ்ல இருக்கேன். நல்லா இருக்கேன்மா. இல்ல, நெசமா நல்லா இருக்கேன். நான் சொல்றதைக் கொஞ்சம்... ம்... ம். என்னம்மா சொல்ற?

ஐயா, இது என்ன சொல்லுது தெரியுமா? "சார், நான் அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டேன் சார். மருந்து கலந்து வெச்சேன்னு நீங்க சொன்னது பொய், குப்பியை நீங்க எங்க கண்ணு முன்னாடிதான் பிரிச்சீங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடல சார். நீங்க பயப்படாதீங்க. மாத்திரையை ஒழுங்காச் சாப்ட்டா நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க"ங்குது. எனக்குத் தைரியம் சொல்லுதுங்க. இந்தப் புள்ளை எனக்குத் தைரியம் சொல்லுது.

ம்... கேக்குதும்மா, சொல்லு. ஆஞ்சநேயர் கோயிலா? எனக்காகவா?

என் பேருக்கு அர்ச்சனை பண்ணுதாம் ஐயா, வாரா வாரம். நட்சத்திரம் தெரியாததால சாமி பேருக்கே பண்ணிட்டு வந்துச்சாம். நாளைக்கும் போகுதாம். என் நட்சத்திரம் என்னன்னு கேக்குது.

கண்டக்டர்! தம்பி, விசிலை அடிங்க, நான் இறங்கணும். திருச்சிக்கு இல்ல, நாமக்கல்லுக்கே திரும்பணும். நகருங்க, வழி விடுங்க.

குழலி, லைன்ல இருக்கியாம்மா? ஆஸ்டல்லதான இருக்க? ஊருக்குப் போயிராத, அங்கயே இரு, நான் வந்துட்டே இருக்கேன். என் நட்சத்திரம் கெடக்கட்டும்மா. உன் நட்சத்திரம் என்னன்னு சொல்லு.